முகம் பார்த்தது போதும்... முதுகைத் திருப்புங்கள்!

சனிக்கிழமை மாலை. சென்னை ரிச்சி தெருவில் கால் வைக்க இடமில்லை. தள்ளுவண்டியில் சார்ஜர் ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அதை ஒட்டிய கடையின் கண்ணாடி மேசையில் ஐந்தாறு ஸ்மார்ட் வாட்ச்கள் மின்னிக்கொண்டிருக்கின்றன. பணி ஓய்வு பெறப்போகும் அப்பாவுக்கு ஒன்று வாங்கித்தர வந்திருக்கிறார் மகன்.

"அமோலெட் டிஸ்ப்ளே சார். போன் பேசலாம். ஹார்ட் பீட், தூக்கம் எல்லாம் காட்டும். ஃபுல் மெட்டல் பாடி" என்று அடுக்குகிறார் கடைக்காரர். அப்பா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாட்சைக் கையில் வாங்கித் திருப்பி, பின்பக்கத்து ஸ்டிக்கரை நகத்தால் நெம்பிப் பார்க்கிறார்.

"பின்னாடி பிளாஸ்டிக்கா இருக்கே தம்பி?"

"அது சென்சார் இருக்கிற இடம் சார். எல்லா வாட்ச்லயும் அப்படித்தான்."

"என் ஹெச்.எம்.டி-க்கு எவர்சில்வர் மூடி. எத்தனை வருஷம் கட்டினேன், ஒண்ணும் ஆகலையே!"

மகனுக்குக் கொஞ்சம் கூச்சம். "அப்பா, அது வேற, இது வேறப்பா." கடைக்காரர் சிரித்தபடி அடுத்த வாட்சை எடுத்து வைக்கிறார். அதற்கும் பின்னால் பிளாஸ்டிக்தான்.

அப்பாவின் கேள்வி சரியானது. கடைக்காரர் சொன்ன பதில் பாதிதான் சரி. சென்சாருக்கு மேலே உலோகம் இருக்க முடியாது என்பது உண்மை. அதற்காகப் பின்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக்காக இருந்தாக வேண்டும் என்பது உண்மையில்லை. அந்த முடிவில் விலையும் இருக்கிறது, எடையும் இருக்கிறது, சில நேரம் நியாயமான பொறியியலும் இருக்கிறது. டிஸ்ப்ளே எத்தனை அங்குலம் என்று பத்துக் கேள்வி கேட்கிற நாம், ராத்திரி தூங்கும்போதும் தோலோடு ஒட்டிக்கிடக்கப் போகிற பக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

தலைகீழான உடம்பு

பழைய கைக்கடிகாரங்களில் விலை குறைந்தவற்றுக்குப் பெரும்பாலும் பித்தளை உடம்பு. அதன் மேல் குரோம் அல்லது தங்க முலாம். வியர்வை உப்பு பட்டால் முலாம் உரிந்து பச்சை பிடித்துவிடும். எனவே தோலில் உட்காரும் மூடியை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் செய்து, 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பெருமையாகப் பொறித்தார்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி காலத்திலிருந்து, டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து உருவாக்கி ஓசூரில் ஆலை எழுப்பிய டைட்டன் காலம் வரை நம்மவர்கள் பார்த்துப் பழகிய எழுத்து அது. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்கான கேசியோ எஃப்-91டபிள்யூ வாட்சைக்கூடத் திருப்பினால் எஃகுத் தகடுதான் இருக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் இதை அப்படியே கவிழ்த்துவிட்டது. பார்க்கிற பக்கம் உலோகம். தோலில் படுகிற பக்கம் பிளாஸ்டிக், கண்ணாடி அல்லது செராமிக்.

காரணம், பின்மூடிக்கு வேலை கூடிவிட்டது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். வாட்சின் பின்னால் மினுக்கும் பச்சை எல்.இ.டி. ஒளியை உள்ளே அனுப்ப, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பக்கத்தில் இருக்கும் உணரி எண்ணுகிறது. ரத்த ஆக்சிஜனுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் தேவை. இவை போய்வர உலோகத்தில் ஒரு ஜன்னல் வேண்டும். அடுத்தது சார்ஜ். காந்தத் தட்டில் வைத்து ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் வாட்சில், செப்புச் சுருளுக்கு எதிரே உலோகத் தகடு வந்தால் சுழல் மின்னோட்டம் உண்டாகித் தகடு சூடாகும். பேட்டரிக்குப் போக வேண்டிய மின்சாரம் வீணாகும். மூன்றாவது ரேடியோ அலை. சிம் வசதியுள்ள வாட்ச் டவரோடு பேச வேண்டும். நான்கு பக்கமும் உலோகம் சூழ்ந்தால் ஆன்டெனா திணறும்.

இந்த மூன்றோடு எப்படியெல்லாம் மல்லுக்கட்டினார்கள் என்பதற்கு ஆப்பிள் வாட்சின் முதுகே நல்ல சாட்சி. 2015-ல் வந்த முதல் வாட்சில் விலை குறைந்த அலுமினிய வகைக்குக் கலப்பு பிளாஸ்டிக் முதுகு, எஃகு வகைக்குச் செராமிக் முதுகு. இது அந்தஸ்துப் பிரிவினை என்று தோன்றலாம். ஆனால், 2017-ன் மூன்றாம் தலைமுறையில் சிம் இல்லாத அலுமினிய வாட்சுக்குப் பிளாஸ்டிக்கும், அதே அலுமினியத்தில் சிம் உள்ளதற்குச் செராமிக்கும் வந்தன. 2018-ல் எல்லா வகைக்கும் செராமிக்கும் சஃபையர் படிகமும் ஆனது. முன்னும் பின்னும் அலைகள் எளிதாகப் போய்வரும் என்று காரணமும் சொன்னார்கள். 2022-ல் விலை குறைந்த எஸ்.இ. வாட்சுக்கு மறுபடி நைலான் கலப்பு. 2024-ன் பத்தாம் தலைமுறையில் எல்லாரையும் திகைக்க வைத்து உலோக முதுகுக்கு மாறினார்கள். நடுவில் சஃபையர் வட்டம், சுற்றிலும் அலுமினியம் அல்லது டைட்டானியம். ஆன்டெனாவையும் அந்த உடம்பிலேயே இணைத்துவிட்டார்கள். தடிமன் 10.7 மில்லிமீட்டரிலிருந்து 9.7 ஆகக் குறைந்தது.

ஆக, பிளாஸ்டிக் என்றால் மட்டம், செராமிக் என்றால் உசத்தி என்று ஒரே ஏணியில் இவற்றை நிறுத்த முடியாது. அந்த ஏணியைக் காட்டித்தான் கடைகளில் வியாபாரம் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

பெட்டிச் செய்தி: எடை, கடினம், சூடு

ஒரு கன சென்டிமீட்டருக்கு எடை: பாலிகார்பனேட் பிளாஸ்டிக் 1.2 கிராம், அலுமினியம் 2.7, டைட்டானியம் 4.5, சிர்கோனியா செராமிக் 6, எஃகு 8.

கீறலைத் தாங்கும் கடினம், விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ: 316எல் வகை எஃகு 150 முதல் 200, டைட்டானியம் கலப்பு 350, சிர்கோனியா 1200, சஃபையர் 2000.

சூட்டைக் கடத்தும் வேகம்: அலுமினியம் முதலிடம். எஃகு அதில் பத்தில் ஒரு பங்கு. டைட்டானியம் கலப்பு எஃகிலும் பாதிக்குக் கீழே. செராமிக் இன்னும் குறைவு, பிளாஸ்டிக் கடைசி. மார்கழிக் காலையில் எடுத்துக் கட்டும்போது எது 'சில்'லென்று இருக்கும் என்பதையும் இந்த வரிசையே சொல்லும்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

2013 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற உடற்பயிற்சிக் கைப்பட்டை சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. கட்டியவர்களின் மணிக்கட்டு சிவந்தது, தடித்தது, சிலருக்குக் கொப்புளமே வந்தது. 2014 பிப்ரவரியில் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த திரும்பப் பெறுதலில் அடங்கியவை சுமார் 10 லட்சம் பட்டைகள். தோல் எரிச்சல் புகார்கள் சுமார் 9,900. நிறுவனம் சொன்ன விளக்கத்தில் இரண்டு சந்தேக நபர்கள். ஒன்று, அறுவை சிகிச்சைத் தரம் என்று பெயர் வாங்கிய எஃகில் இருந்த நிக்கல். இன்னொன்று, பட்டையின் பொருட்களும் ஒட்டுவதற்குப் பயன்படுத்திய பசையும்.

நிக்கல் நமக்குப் புதிதல்ல. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறது, ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடிக்கிறது என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள். பெரும்பாலும் அதற்கெல்லாம் காரணம் முலாமுக்கு அடியில் பூசும் நிக்கல்தான். அவர்கள் வாட்ச் வாங்கும்போதுதான் முதுகு என்ன பொருள் என்பது உண்மையிலேயே முக்கியமாகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 316எல் எஃகில் 10 முதல் 14 சதவிகிதம் நிக்கல் இருக்கிறது. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால், எஃகில் உள்ள குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கி, நிக்கலை உள்ளேயே பூட்டி வைக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கசிகிறது என்பதுதான் தோலுக்குக் கணக்கு. ஐரோப்பிய நாடுகள் 1994-ல் கொண்டுவந்த விதியும் அப்படித்தான் அளக்கிறது. தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. நல்ல 316எல் இதில் தேறிவிடும். கடைசல் வேலை எளிதாக வரட்டும் என்று கந்தகம் சேர்த்த 303 வகை எஃகு கூடுதலாகக் கசிய விடும். பெட்டியில் வெறுமனே 'ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த வகை என்று நமக்கு எப்படித் தெரியும்? வியர்வையில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அரிக்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மே மாதம் வாட்ச் கட்டுபவரின் மணிக்கட்டு எப்போது காய்ந்திருக்கிறது?

நிக்கலுக்கு ஒத்துக்கொள்ளாத தோலுக்குச் செராமிக், சஃபையர், டைட்டானியம் மூன்றுமே பொதுவாகப் பாதுகாப்பானவை. சாதாரண பிளாஸ்டிக் முதுகும் அப்படித்தான். இரண்டாயிரம் ரூபாய் வாட்சின் பிளாஸ்டிக் முதுகு, இந்த ஒரு விஷயத்தில், பெயர் தெரியாத எஃகு முதுகைவிட மேல். எனக்கே இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால், முதுகு செராமிக் என்றவுடன் நிம்மதியாகிவிட முடியாது. பின்பக்கத்து சார்ஜ் முனைகள் உலோகம். பட்டையின் பக்கிள் உலோகம். இ.சி.ஜி. எடுக்கும் வாட்சில் தோலைத் தொடும் மின்முனைகள் உண்டு. மூடியை உடம்போடு ஒட்டிய பசையில் மெத்தாக்ரிலேட் என்ற வேதிப்பொருளின் மிச்சம் இருக்கலாம். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியிலும் இருக்கும் அது, சிலருக்கு ஆகாது. தன் வாட்சில் நிக்கலும் மிகச் சிறிதளவு மெத்தாக்ரிலேட்டும் இருப்பதை ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. மற்றவர்களும் சொன்னால் நல்லது.

அதற்கும் மேலே, மணிக்கட்டு அரிப்பு எல்லாமே ஒவ்வாமை கிடையாது. பாத்திரம் தேய்த்த சோப்பு நுரையும் வியர்வையும் மூடிக்கு அடியில் தேங்கி, தோல் ஊறி, வெந்துபோவதால் வருவது ஏராளம். அந்த ஈரத்தில் வேர்க்குரு வரும், படர்தாமரையும் வரும். இதற்கு வாட்சை மாற்றிப் பயனில்லை. கட்டும் விதத்தை மாற்ற வேண்டும்.

பெட்டிச் செய்தி: மணிக்கட்டு சிவந்தால்...

வாட்சைக் கழற்றி, முதுகையும் பட்டையையும் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தோல் பழையபடி ஆகும்வரை கட்ட வேண்டாம். பிறகு அடுத்த கைக்கு மாற்றி, உடற்பயிற்சி நேரம் தவிர மற்ற நேரங்களில் ஒரு துளை தளர்த்திக் கட்டுங்கள்.

தடிப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கிளுக்கு அடியில் மட்டும் என்றால் பட்டையை மாற்றினால் போதும். சார்ஜ் முனைகள் படும் இடத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் உலோகத்தின் மீது சந்தேகப்படலாம்.

திரும்பத் திரும்ப வந்தால் தோல் மருத்துவரிடம் 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்கள். நிக்கல் உட்பட பல பொருட்களை உங்கள் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு பூச வேண்டாம். படர்தாமரையாக இருந்தால் அது இன்னும் பரவும்.

சஃபையர் வைத்தால் துடிப்பு சரியாகக் காட்டுமா?

விலை கூடிய வாட்சை விற்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. சுருக்கமான பதில்: அதனால் மட்டும் காட்டாது. நல்ல தெளிவான பிளாஸ்டிக் ஜன்னலும் பச்சை ஒளியைத் தாராளமாக விடும். எண்ணிக்கை தவறுவதற்குக் காரணங்கள் வேறு. தளர்வாகக் கட்டினால் வெளிச்சம் உள்ளே கசியும். கையை வீசி ஓடினால் தோலும் வாட்சும் தனித்தனியே ஆடும். எல்.இ.டி.யிலிருந்து புறப்படும் ஒளி தோலுக்குள் போகாமல் கண்ணாடிக்குள்ளேயே ஓடி உணரியைத் தொட்டுவிட்டால் கணக்கு குழம்பும். அதைத் தடுக்கத்தான் நல்ல வாட்ச்களில் இரண்டுக்கும் நடுவே கறுப்புத் தடுப்பு வைக்கிறார்கள். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அந்த மையே ஒளியை விழுங்கிவிடும். 2015-லேயே இதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

சஃபையருக்கு உள்ள உண்மையான லாபம், பல வருடம் கழித்தும் அது மங்காது என்பது. மணலில் உள்ள குவார்ட்ஸால் அதைக் கீற முடியாது, பிளாஸ்டிக்கைக் கீறும். கட்டட வேலை, வயல் வேலை, கடற்கரை ஓட்டம் என்று இருப்பவருக்கு இது கணக்கில் சேரும். ஏசி அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் வாட்ச் முதுகு எதில் போய் உரசப்போகிறது?

உடைந்தால், பிரிந்தால்...

கடினம் வேறு, உறுதி வேறு. செராமிக் கீறாது, ஆனால், குளியலறைத் தரையில் முனை பட விழுந்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். எஃகும் டைட்டானியமும் நசுங்கும், பள்ளம் விழும், ஆனாலும் ஒன்றாக இருக்கும். பிளாஸ்டிக் பெரும்பாலும் குதித்துவிட்டுப் பேசாமல் கிடக்கும். விரிசல் விட்ட முதுகைத் தனியாக மாற்றித் தரும் கடை அபூர்வம். பல வாட்ச்களில் சென்சார், சார்ஜ் சுருள் எல்லாம் அந்த மூடியோடே சேர்ந்திருப்பதால் முழு வாட்சையே மாற்றச் சொல்வார்கள். விரிசலோடு கட்டினால் நீர்காப்பும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடியை எப்படி மூடியிருக்கிறார்கள் என்பது பொருளைவிட முக்கியம். இன்றைய வாட்ச்களில் பெரும்பாலானவை பசையால் ஒட்டியவை. முதல் தலைமுறை ஆப்பிள் வாட்ச்கள் சிலவற்றில் பின்மூடியே கழன்று வந்தது. அவற்றை வாங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது. வாங்கும்போது இருக்கிற '5 ஏ.டி.எம்.', 'ஐ.பி. 68' நீர்காப்பு வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. பசை வயதாகும், சோப்பும் வெந்நீரும் அதை வேகப்படுத்தும். மூடியில் நான்கு சிறு திருகுகள் தெரிந்தால், அவலட்சணம் என்று ஒதுக்காதீர்கள். நாளைக்கு பேட்டரி மாற்ற வழி இருக்கிறது என்று அர்த்தம்.

பேட்டரி வீங்கினால் முதலில் எழும்புவதும் ஒட்டிய மூடிதான். 2022-ல் ஃபிட்பிட் ஐயானிக் வாட்ச்கள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. பேட்டரி சூடானதாக அங்கே வந்த புகார்கள் 115. தீக்காயம் பட்டவர்கள் 78 பேர். அப்படிப்பட்ட நேரத்தில் முதுகு செராமிக்கா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் ஒன்றும் உதவாது. மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

உலோக முதுகு வைத்துக்கொண்டு சார்ஜுக்கு முனைகளைப் பயன்படுத்தும் வழியும் உண்டு. கார்மின் ஃபீனிக்ஸ் 7 வாட்சின் பின்மூடி எஃகு, விலை கூடிய வகையில் டைட்டானியம். சார்ஜ் ஏறுவது முனைகள் வழியாக. கூகுளும் இரண்டாவது பிக்சல் வாட்சில் ஒயர்லெஸை விட்டுவிட்டு முனைகளுக்கு மாறியது. சார்ஜ் சீராக ஏறும். ஆனால், வியர்வை காயாத முனையில் சார்ஜரை ஒட்டினால், உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து முனை அரிக்கும். நம் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

'மெட்டல் பாடி' என்றால் என்ன?

பட்ஜெட் வாட்ச்களின் அட்டைப்பெட்டியில் அடிக்கடி காணும் சொல் இது. பல நேரம் அதற்கு அர்த்தம், திரையைச் சுற்றியுள்ள சட்டம் மட்டும் துத்தநாகக் கலப்பு உலோகம், அதன் மேல் முலாம் அல்லது பெயின்ட்; முதுகு பிளாஸ்டிக். இதில் நேரடியான பொய் என்று சொல்ல ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டதுதான் இருக்கிறது. சிக்கல், அந்தச் சட்டத்தின் கீழ் விளிம்பு தோலில் படும்போது வரும். முலாம் தேய்ந்த இடத்தில் நிக்கல் பூச்சு எட்டிப் பார்த்தால், கவரிங் கம்மல் கதைதான். வெள்ளிநிறம் பூசிய பிளாஸ்டிக் முதுகும் சந்தையில் உண்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: உலோகம் குளிரும், பிளாஸ்டிக் குளிராது.

யாருக்கு எது?

அடி எண்ணிக்கையும் போன் அழைப்பும் போதும் என்பவருக்குப் பிளாஸ்டிக் முதுகு தாராளமாகப் போதும். அதற்கு மேல் 'மெட்டல்' என்ற பெயருக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண். கவரிங் நகை ஆகாதவர்கள் பிளாஸ்டிக் அல்லது செராமிக் முதுகு, சிலிகான் அல்லது துணிப் பட்டை, உலோக பக்கிள் இல்லாத கட்டு என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துப் பயனில்லை. உடல் உழைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு, பணம் இருந்தால், டைட்டானியம் முதுகும் சஃபையர் ஜன்னலும்தான் என் தேர்வு. கை தவறிப் போடுகிற வழக்கமுள்ளவர்கள் செராமிக்கை அழகுக்காக வாங்க வேண்டாம். எஃகு முதுகு பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், 316எல் என்று எண் போட்டிருந்தால். பெற்றோருக்கு வாங்கித்தருபவர்கள் முதுகு வழவழப்பாக, விளிம்பு குத்தாமல், துடைக்க எளிதாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது.

ஏற்கெனவே நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்குத் தடிப்பு பெரும்பாலும் ஓரிரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஆன்லைனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். வாங்கிய வாட்சைப் பண்டிகை வரட்டும் என்று பெட்டியிலேயே வைக்காமல், அன்றைக்கே கட்டத் தொடங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.